புறம்பு அறை

ஜூன் 1, சனி

இது என் பேத்தி ஹெப்சியின் எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டு. முன்பக்கம் தவளையின் வயிறு, பூவின் பாகங்கள் என்று படம் போட்டிருக்கிறாள். பின்பக்கம் நாற்பது தாள் வெறுமையாகக் கிடந்தது. பாளயத்துக்குள் இப்படித் தாள் வைத்திருப்பதே குற்றம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும். ஞாபகத்தில் பிழை இருக்காது.

நாலு பக்கமும் மதில் வைத்த இந்தத் தோட்டத்தைத்தான் பாளயம் என்கிறார்கள். அறுபது குடும்பம், ஒரே சபை. வெள்ளைச் சேலை மட்டும். பூ இல்லை, வளையல் இல்லை, பேப்பர் இல்லை, போன் இல்லை, மருந்து இல்லை. படம் என்றால் விக்கிரகம் என்று என் வீட்டுக்காரர் போட்டோவையும் எரித்தார்கள். எரித்த கை மூப்பர் எசேக்கியாவின் கை. வலது கை, மோதிர விரலில் ஒரு மரு.

ஆளுக்கு ஓர் ஆராய்ச்சி நோட்டு உண்டு. வாரம் முழுக்க நான் செய்த பாவம் மூன்று, பிறர் செய்து நான் கண்டது ஒன்று என்று எழுதி, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மூப்பர் கையில் கொடுக்க வேண்டும். என் பாவங்கள் மூன்றும் வாராவாரம் மாறாது. முணுமுணுத்தேன், கோபப்பட்டேன், ஜெபத்தில் தூங்கினேன்.

பிறர் பாவத்துக்கு இந்த வாரம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு ரூத்தம்மாள் அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்து, மறுபடி புதைத்ததை வியாழக்கிழமை சன்னல் இடுக்கு வழியாகக் கண்டேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்டதைத்தான் எழுதினேன்.

பகையால் எழுதினேன் என்று யாரும் சொல்ல முடியாது. பகை வேறு. 1984, எங்கள் ஊர்க் கோயில் பண்டிகை அசனம். எழுநூறு பேருக்குச் சமையல். மூன்றாவது அண்டா சாம்பார் என் பொறுப்பு. அது ஊசிப்போனது. ரூத்தம்மாள் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு பந்திக்கு நடுவில் நின்று, "செல்லக்கனி கை வச்சா பச்சத்தண்ணியும் ஊசிப்போவும்" என்றாள். எழுநூறு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவரை மன்னித்துவிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அரிசிப் பானையைச் சபை நடுவில் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். நகையோ புகையிலையோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். மாத்திரை அட்டை.

"சகோதரி ரூத், இது யாருக்கு?" என்று மூப்பர் மூன்று தரம் கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை. சபையைச் சுற்றிப் பார்த்தாள். நான் இருந்த பக்கம் வந்ததும் கண் நின்றது. என்னைத்தான் முறைக்கிறாள் என்று நானும் முறைத்தேன். என் பக்கத்தில் ஹெப்சி உட்கார்ந்திருந்தாள்.

நாற்பது நாள் புறம்பு என்று தீர்ப்பு. வாசல் கேட்டை ஒட்டி முன்பு மாடு கட்டிய அறை. புறம்பில் இருப்பவரோடு யாரும் பேசக்கூடாது. அவர் தொட்ட சாமானைத் தொடக்கூடாது. சனிக்கிழமைச் சோதனைக்கு வீடு வீடாகப் பெட்டியைக் கிளறுகிற ஆட்கள்கூட அந்த அறைப் படி ஏறமாட்டார்கள், தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று.

எழுதிக் கொடுத்தவரே அந்த நாற்பது நாளும் சோறு கொண்டுபோக வேண்டும் என்றும் ஒரு சட்டம் இருக்கிறது. பாளயத்தில் ஒளிவு மறைவு கூடாதாம். இதை நான் மறந்தே போனேன். என் வாழ்நாளில் நான் மறந்தது இது ஒன்றுதான்.

மாத்திரையை எல்லார் முன்னாலும் எரித்தார்கள். மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். ஹெப்சி சாப்பிடவில்லை.

ஜூன் 3, திங்கள்

தூக்குச்சட்டியில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுபோய் வாசற்கல்லில் வைத்துவிட்டுத் திரும்பினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கஞ்சில உப்பு இல்ல, செல்லக்கனி."

பேசக்கூடாது என்பது சட்டம். பேசவில்லை. வீட்டுக்கு வந்து மீதிக் கஞ்சியை ருசி பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.

ஜூன் 5, புதன்

மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைத்தேன். நாலு சேலைக்கு நீலம் போட்டேன். ஹெப்சி நாலு நாளாக என்னோடு பேசவில்லை. பதினேழு வயதுக்கு அவ்வளவு திமிர் ஆகாது.

ஜூன் 6, வியாழன்

ஹெப்சி கையிலிருந்த தம்ளர் விழுந்தது. கண் ஒரே இடத்தில் நின்றது. வெயில்தான்.

ஜூன் 7, வெள்ளி

வெயில் இல்லை.

அடுப்படியில் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்துப் போட்டுவிட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல வேளையாக என் மகன் ஏசுவடியான் தோட்டத்தில் இருந்தான்.

இவளுக்கு ஆறு வயதிலிருந்து வலிப்பு. மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் இங்கே வந்த அன்று, மூப்பர் இவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு மாத்திரைகளை நெருப்பில் போடச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தரம்கூட வரவில்லை. அதை என் மகன் ஊர் ஊராகச் சாட்சி சொன்னான். அதைக் கேட்டு வந்த குடும்பங்கள் இங்கே பாதி இருக்கும்.

தெளிந்ததும் ஹெப்சி முதலில் சொன்னது, "ஆச்சி, அப்பாட்ட சொல்லிராதிய."

"சொகமாயிட்டுன்னுல்லா இருந்தோம், ஏட்டி."

"எங்க சொகமாச்சு? ரூத்தாச்சிதான் மூணு வருசமா குழாயடில வச்சு மாத்திர தந்தாவ. காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. நாம இங்க வந்த மறுநாளே அம்மா போயி அவுகட்ட கேட்டுக்கிட்டாவ."

ரூத்தம்மாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் ஆயாவாக இருந்தவள். பென்ஷன் வாங்க ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் அவளை மட்டும் டவுனுக்கு விடுவார்கள். பென்ஷன் பாளயத்துக்கு, மாத்திரை என் பேத்திக்கு.

"ஒங்கம்மா எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றேன்.

ஹெப்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 8, சனி

ஆராய்ச்சி நோட்டில், பிறர் பாவம் என்ற இடத்தில், கண்டது ஒன்றும் இல்லை என்று எழுதினேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. மூப்பர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"தாயாருக்குக் கண் மங்கிவிட்டதோ?"

"ஆமாய்யா, வயசாயிட்டுல்லா."

ஜூன் 9, ஞாயிறு

சபை நடுவில், எல்லார் கண் முன்னாலும் ஹெப்சிக்கு வலிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்குள் அவிசுவாசம் புகுந்திருக்கிறது என்றார் மூப்பர். மூன்று நாள் உபவாசம், தண்ணீர் மட்டும். ஜூலை பதினாலாம் தேதி பெருங்கூட்டத்தில் இவள் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்கெனவே ஊரெல்லாம் நோட்டீஸ் போயிருக்கிறது. அதற்குள் நிற்காவிட்டால் பெண்ணைத் தனி அறையில் பூட்டி வைத்து, ஆவி போகும் வரை ஜெபிக்க வேண்டிவரும் என்றார். சாப்பாடு, தண்ணீர் இரண்டும் இல்லாமல்.

வீட்டில் வைத்து மகனிடம் சொன்னேன். "ஏலே ஏசு, புள்ளய ஒரு டாக்டர்ட்ட காட்டிருவோம்ல."

"யம்மா, அந்த வார்த்தய இன்னொரு தரம் சொல்லாதிய. நானே ஒங்கள எழுதிக் குடுக்க வேண்டி வரும்."

"போன பங்குனியிலயும் இதத்தான் சொன்ன."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் பெண்சாதி பாக்கியசீலி போன பங்குனியில் காய்ச்சலில் போனாள். அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

ஜூன் 10, திங்கள்

உபவாசம். வடிகஞ்சியில் உப்புப் போட்டு, தண்ணீர் என்று சொல்லி ஹெப்சிக்குக் கொடுத்தேன். வடிகஞ்சியும் தண்ணீர்தான். இரண்டு தரம் வந்தது. இரண்டாம் தரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலையணை உறையை ஏசுவடியான் வருவதற்குள் அலசிப் போட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

புறம்பு அறை வாசலில் தூக்குச்சட்டியை வைத்தேன். திரும்பவில்லை. கேட்டுக் காவலுக்கு இருப்பவன் ஜெபத்துக்குப் போயிருந்தான்.

"ரூத்து," என்றேன். நாற்பது வருடமாக அந்தப் பெயரை அவளைப் பார்த்து நான் கூப்பிட்டதில்லை.

"சட்டம் தெரியுமா ஒனக்கு?" என்றாள் உள்ளேயிருந்து.

"புள்ளைக்கு வலிப்பு வந்துட்டு. அஞ்சு நாள்ல நாலு தரம்."

கதவு ஒரு சாண் திறந்தது. அவள் முகம் பாதியாகியிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"கையில எடு," என்று மடியை அவிழ்த்தாள். இடுப்புச் சேலை மடிப்பில் தைத்து வைத்திருந்த துணிப்பை. அதற்குள் அட்டைகள். "பானைல கெடந்தது ஒண்ணுதான். மாசக் கடைசி வரைக்கும் இது காணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒம்போது நாளா நாந்தானட்டி சோறு கொண்டு வாரேன். இத மடில வச்சுக்கிட்டா கஞ்சில உப்பு இல்லன்ன?"

"ஒங்கிட்ட நானா குடுத்தா, அதையும் நோட்டுல எழுதிருப்ப. அப்புறம் எனக்குப் பக்கத்துல ஹெப்சிக்கும் ஒரு பாய் போட்டுருப்பாவ. நீயா கேக்கட்டும்னு இருந்தேன்." பிறகு மெதுவாக, "நீ கேப்பன்னு நான் நெனைக்கல," என்றாள்.

அட்டைகளை மடியில் செருகிக்கொண்டு திரும்பினேன். பேசக்கூடாது என்பதுதான் சட்டம்.

ஜூன் 14, வெள்ளி

வீட்டில் வைக்க முடியாது, நாளைக்குச் சோதனை. அதனால் அட்டைகளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தினமும் கழுவாத தூக்குச்சட்டிக்கு அடியில் இரண்டு மாத்திரை வரும். புறம்புக்குப் போய்வந்த பாத்திரத்தை மூடிகூடத் திறந்து பார்க்க மாட்டார்கள். வாசலில் நிற்கிற காவல்காரனே தள்ளிப்போய் வழிவிடுகிறான்.

இரண்டு நாளாக ஹெப்சிக்கு ஒன்றும் வரவில்லை. உபவாசத்தின் பலன் என்கிறான் என் மகன்.

ஜூன் 20, வியாழன்

"இன்னைக்கு உப்பு கூடிட்டு," என்றாள் ரூத்தம்மாள். நான் வேண்டுமென்றே போட்டது.

ஜூன் 27, வியாழன்

எட்டு மாத்திரை பாக்கி. அவளுக்கு விடுதலை ஜூலை பதினொன்றுக்குத்தான். ஒண்ணாந்தேதி டவுனுக்கு விடமாட்டார்கள். பென்ஷன் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பத்திரமாக இருக்கும், வலிப்பு காத்திருக்காது. பதினாலாம் தேதி கூட்டம்.

நாற்பதுக்கு முன்னால் ஒருவரை வெளியே விட ஒரே வழிதான் உண்டு. அந்தப் பாவம் என்னுடையது என்று வேறொருவர் வந்து சொல்ல வேண்டும்.

மாடு இன்று பால் குறைவாகக் கறந்தது.

ஜூன் 29, சனி

ஆராய்ச்சி நோட்டில் எழுதியதை அப்படியே இங்கும் எழுதி வைக்கிறேன், ஒரு வார்த்தை மாறாமல்:

"அந்த மாத்திரை என் மருமகள் சாகும் முன் ஒளித்து வைத்திருந்தது. நான் கண்டெடுத்து, பழைய பகையால் ரூத்தம்மாள் பானையில் கொண்டுபோய் வைத்து, நானே எழுதிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் அறியாள்."

ஜூன் 30, ஞாயிறு

மூப்பர் அதைச் சபையில் வாசித்தார். யாராவது ஒருவராவது சந்தேகப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து வந்த தீர்க்கம்மாள், "எய்யா, அசனத்துக் கோவம் இன்னுமா தீரல?" என்றாள். சபையே சிரித்தது. எழுநூறு பேர் இல்லை. ஆனாலும் சிரிப்பு அதே சிரிப்பு.

என் மகன் சிரிக்கவில்லை. பாக்கியசீலி பெயர் வந்த இடத்தில் தலையைத் தூக்கியவன், ஹெப்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புறம்பு அறை வாசலில் ரூத்தம்மாள் இறங்க, சேலைக்குள் இந்த நோட்டோடு நான் ஏறினேன். மூப்பரும் மற்றவர்களும் பன்னிரண்டு அடி தள்ளி நின்றார்கள்.

"ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க?" என்றாள் உதடு அசையாமல்.

"நாளைக்கு ஒண்ணாந்தேதி. பின்சன்னல்ல கம்பி ஒண்ணு ஆடுதுல்லா, அதுவழியா போடு," என்றேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு போனாள். அழுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஜூலை 1, திங்கள்

என்னை எழுதிக் கொடுத்தது நானே. அதனால் சோறு கொண்டுவருவது வீட்டுப் பெண்ணின் வேலை என்று தீர்ப்பு. காலையில் ஹெப்சி வந்து கல்லில் வைத்தாள். கடைசி இரண்டு மாத்திரை ரூத்தம்மாள் பாய்க்கடியில் விட்டுப்போனது. சட்டியில் போட்டு அனுப்பினேன்.

நாலு மணிக்குப் பின்சன்னல் வழியாக ஒரு பொட்டலம் விழுந்தது. ஒரு மாதத்துக்கு. கூடவே ஒரு பொட்டணம் உப்பு.

ஜூலை 12, வெள்ளி

கூட்டத்துக்குப் பாட்டுப் பழக ஹெப்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள் போல. சாயந்தரம் தூக்குச்சட்டியோடு என் மகன் வந்தான்.

மாத்திரையைப் போடாமல் அனுப்பினால் அவளுக்கு ஒரு வேளை தப்பும். நாளை மறுநாள் கூட்டம். போட்டு அனுப்பினால் இவன் கையில் போகும். காலையில் வந்த சட்டிக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடிக் கல்லில் வைத்தேன்.

"இத ஹெப்சியே கழுவட்டும்," என்றேன். பேசியது குற்றம்.

அவன் குனிந்து எடுத்தான். நாலடி நடந்தான். நின்றான். மூடியைத் திறந்து பார்த்தான்.

முப்பத்தொன்பது வருடம் முன்பு அவன் பிறந்தபோது அழவில்லை. காலைப் பிடித்துத் தூக்கி மருத்துவச்சி தட்டும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் இருந்தேன். அவன் மூடியை மூடினான். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

ஜூலை 13, சனி

இன்றைக்கு நோட்டுக் கொடுக்கும் நாள். பொழுது சாய்ந்தது. யாரும் வரவில்லை. சாயந்தரச் சோறு ஹெப்சி கொண்டுவந்தாள்.

"அப்பா என்ன எழுதுனாவ?"

"முணுமுணுத்தேன், கோவப்பட்டேன், ஜெபத்துல தூங்குனேன்னு எழுதியிருந்தாவ. கண்டது ஒண்ணும் இல்லையாம். ஒங்க பாவம் மூணும் அப்படியே, ஆச்சி."

ஜூலை 14, ஞாயிறு

ஒலிபெருக்கியில் ஹெப்சியின் குரல் கேட்டது. தடுமாறவில்லை. "காலையும் மாலையும் என்னைக் காக்கிற கைக்கு ஸ்தோத்திரம்" என்றாள். ஆயிரம் பேர் ஆமென் சொன்னார்கள். அதில் ரூத்தம்மாள் ஆமென் தனியாகக் கேட்டது. அவளுக்கு எப்போதும் குரல் கூடுதல்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பொட்டலம் வந்தது. சன்னலுக்கு வெளியே இருந்து ரூத்தம்மாள் சொன்னாள்: "தைல புள்ளைக்குப் பதினெட்டு முடியுது. அப்புறம் அவ சம்மதம் இல்லாம யாரும் அடைச்சு வைக்க முடியாது. எம் மவ தூத்துக்குடில நர்சா இருக்கா. வந்து கூட்டிட்டுப் போறேங்கா. தை ஒண்ணு வரைக்கும் சமாளிச்சுத் தாட்டணும்."

ஆனால் என் நாற்பது ஆகஸ்ட் எட்டில் முடிகிறது. நான் வீட்டுக்குப் போனால் இந்த அறை காலி. சோதனை இல்லாத இடம் பாளயத்தில் வேறு இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மூப்பர் வந்தார். பின்னால் சபை. என் மகன், ஹெப்சி, ரூத்தம்மாள்.

"தாயாரே, மனஸ்தாபப்பட்டீர்களா? சகோதரி ரூத்தை மன்னித்து, கைகொடுத்து உள்ளே வருகிறீர்களா?"

ரூத்தம்மாள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒல்லியான கை. எலும்பு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதை இதில் எழுதியிருக்க வேண்டாம்.

"மாட்டேன்," என்றேன். "எழுநூறு பேருக்கு முன்னால என்னச் சொன்ன சொல்ல நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். கத்தரிப்பூச் சேலையையும் மறக்க மாட்டேன்."

சபை தலையில் அடித்துக்கொண்டது. தீர்க்கம்மாள், "இது திருந்தாத கட்ட," என்றாள். மூப்பர் இன்னொரு நாற்பது போட்டார். என் மகன் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் தகப்பன் சாயல் அப்படியே இருந்தது. போட்டோ இல்லாமல் போனதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கேட்டுக் காவலன் சாப்பிடப் போன நேரம், பின்சன்னலில் அவள் குரல்.

"செல்லக்கனி, ஒண்ணு சொல்லணும். அந்தச் சாம்பார் ஒன்னால ஊசல. மூணாம் அண்டா பித்தள, ஈயம் பூசல, புளி பட்டதும் கெட்டுப்போச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். ஈயம் பூசக் கொண்டுபோவ வேண்டியது நாந்தான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாற்பது வருடம் கழித்து இப்போதா வந்து சொல்வாள்? பாவி. பகையும் போய்விட்டது. தைக்குள் மூப்பர் இன்னும் மூன்று தரம் வந்து கேட்பார். எதைச் சொல்லி மாட்டேன் என்பேன்?

உட்கார்ந்து யோசித்தேன். செப்டம்பரில் கேட்டால், போட்டோவை எரித்ததைச் சொல்வேன். அக்டோபரில் கேட்டால், கட்டிக்கொடுத்த என் மகள் செத்த சேதியோடு வந்த கடிதத்தை எனக்குத் தராமல் மூப்பர் பதினோரு நாள் வைத்திருந்ததைச் சொல்வேன். தேதி, கிழமை, உறையின் நிறம் எல்லாம் என்னிடம் இருக்கிறது.

டிசம்பருக்குப் பாக்கியசீலி. பங்குனி இருபது, செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க அத்தை என்று என் முந்தானையைப் பிடித்தாள். மூப்பர் கதவில் கை வைத்து நின்றார். வலது கை, மோதிர விரலில் மரு. நான் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

அதைச் சபை முழுக்க நிற்க வைத்துச் சொல்வேன். மூப்பரையும் மன்னிக்க மாட்டேன், என்னையும் மன்னிக்க மாட்டேன். அதற்கு நாற்பது நாள் போதாது என்று அவர்களே சொல்வார்கள்.